மழைக்கு நடுவே ஒரு மர வீடு

பத்மநாபபுரம் கொட்டாரத்தை ஆனி, ஆடி மாதத்து மழையில் பார்க்க வேண்டும். வெயில் நாளில் போனால் அது அழகான பழைய அரண்மனை, அவ்வளவுதான். வேளிமலையிலிருந்து மேகம் இறங்கி, ஓட்டுக் கூரையில் மழை கொட்டும்போது போனால், அந்தக் கட்டடம் என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது என்பது கண்முன்னே தெரியும். இறவாரத்திலிருந்து நீர் கயிறு கயிறாக முற்றத்தில் இறங்குகிறது. அந்த நீர்த்திரைக்கு இரண்டு முழம் உள்ளே ஒரு மரத்தூண் நிற்கிறது. அதன் மேல் ஒரு சொட்டு ஈரத்தடம் இல்லை.

கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆண்டில் பாதி நாள் எதுவும் சரியாகக் காயாத ஊர். கடல் அருகில், காடு அருகில், கரையான் எல்லா இடத்திலும். இப்படிப்பட்ட மண்ணில் தூண், உத்தரம், கூரை, மாடி, மச்சு எல்லாவற்றையும் பெரும்பாலும் மரத்தாலேயே கட்டி, அது நானூறு ஆண்டு கடந்து நிற்கிறது என்றால் எப்படி? "அந்தக் காலத்து மரம் அப்படி" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் பலர். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, மரத்தைப் பற்றி அந்தத் தச்சர்கள் தெரிந்து வைத்திருந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது. மரம் நனைவதால் அழிவதில்லை. நனைந்தபின் காய முடியாமல் போவதால் அழிகிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தக்கலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் இந்த இடத்தின் பழைய பெயர் கல்குளம். வேணாட்டு அரசர் இரவிவர்மக் குலசேகரப் பெருமாள் 1601 வாக்கில் இங்கே அரண்மனை கட்டத் தொடங்கினார் என்பது பொதுவான கணக்கு. வளாகத்தின் மிகப் பழைய பகுதியான தாய்க் கொட்டாரம் மட்டும் அதற்கும் முந்தியது, 1550-ஐ ஒட்டியது என்கிறார்கள். 1729-இல் ஆட்சிக்கு வந்த மார்த்தாண்டவர்மர் திருவிதாங்கூரைப் பெரிய நாடாக்கினார். 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தார். 1750-இல் நாட்டையே ஸ்ரீபத்மநாப சுவாமிக்கு எழுதி வைத்து, சுவாமியின் ஊழியராகவே தாம் ஆள்வதாக அறிவித்தார். கல்குளம் பத்மநாபபுரம் ஆனது அவர் காலத்தில்தான். நான்கு நிலை கொண்ட உப்பரிகை மாளிகையும் அந்தக் காலத்தது. 1790-களில் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது மண் இந்தப் பக்கம் வந்தது, அரண்மனை கேரளத் தொல்லியல் துறையிடமே இருந்துவிட்டது. இன்றும் அப்படித்தான். ஒவ்வொரு நவராத்திரிக்கும் இங்கிருக்கும் சரஸ்வதி ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போய்த் திரும்புகிறாள்.

இனி மரத்துக்கு வருவோம்.

வெட்டி உலர்த்திய மரத்துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது முழுக்க உலர்ந்துவிடுவதே இல்லை. சுற்றியிருக்கும் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடாக இருந்தால், மரத்தின் உலர் எடையில் சுமார் 16 விழுக்காடு அளவுக்கு நீர் அதற்குள் தங்கும். மரத்தை அழுகச் செய்யும் பூஞ்சைக்கு இது போதாது. 20 விழுக்காட்டுக்குக் கீழே அது வளர முடியாது. 30-ஐ நெருங்கினால்தான் கொழிக்கும். இந்த எண்களைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் ஒன்று புரியும். குமரியின் ஈரக்காற்று மட்டும் ஒரு மரவீட்டை அழிக்காது. கூரை ஒழுகி வழியும் நீர், மண்ணிலிருந்து ஏறும் நீர், சுவரில் தங்கி நிற்கும் நீர், இப்படித் திரவமாக வந்து உட்காரும் தண்ணீர்தான் எமன். ஆகவே தச்சருக்கு இரண்டே வேலை. முடிந்தவரை தண்ணீரை மரத்தின் மேல் படவிடாமல் செய்வது. பட்டுவிட்டால் சீக்கிரம் காயவிடுவது.

கொட்டாரத்தின் கூரையை இந்தக் கண்ணோடு பாருங்கள். மலையாளத் தச்சு மரபில் கூரைச் சரிவு ஏறக்குறைய 45 பாகை. சுட்ட மண் ஓடு நீரை உறிஞ்சும் பொருள். சரிவு குறைவாக இருந்தால் நீர் தயங்கி நின்று ஓட்டுக்குள் ஊறும், காற்றடித்தால் ஓடுகளுக்கு இடையே பின்னோக்கிப் புகும். இவ்வளவு செங்குத்தான சரிவில் அதற்கு நேரமே கிடைப்பதில்லை. விழுந்த மழை ஓடிவிடுகிறது.

சரிவைவிட எனக்கு வியப்பாக இருப்பது இறவாரம். இந்த வளாகத்தில் உயரமான ஆட்கள் பல இடங்களில் குனிந்துதான் நுழைய வேண்டும். அரசனுக்கு முன் தலை வணங்கட்டும் என்று அப்படிக் கட்டினார்கள் என வழிகாட்டிகள் சொல்வது வழக்கம். இருக்கலாம். ஆனால் மழையின் கணக்கும் அதில் இருக்கிறது. 2 மில்லிமீட்டர் அளவுள்ள மழைத்துளி நொடிக்கு 6 மீட்டருக்குச் சற்று அதிகமான வேகத்தில் விழுகிறது. மணிக்கு 23 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் அந்தத் துளி 45 பாகை சாய்ந்து வரும். அப்போது 1 மீட்டர் வெளியே நீண்ட இறவாரம் தனக்குக் கீழே 1 மீட்டர் உயரச் சுவரை மட்டுமே காக்கும். அதற்குக் கீழே எல்லாம் நனையும். இறவாரத்தைத் தாழ இறக்கினால்தான் மிச்சச் சுவரும் தப்பும். சாரல் மழைக்குப் பெயர் போன நாட்டில் தாழ்ந்த இறவாரம் வேறு எந்தக் காரணமும் இல்லாமலே நியாயமானது.

கூரையின் இரு முனைகளிலும் முக்கோணமாகத் துருத்திக்கொண்டு நிற்கும் முகப்புகளை எல்லாரும் படம் எடுக்கிறார்கள். அவற்றின் சித்திர வேலை அப்படி. அந்தச் சித்திரங்களுக்குப் பின்னால் இடைவெளிகள் இருக்கின்றன. வெயிலில் காய்ந்த ஓட்டுக்குக் கீழே சூடேறும் காற்று மேலே எழுந்து அந்த வழியாக வெளியேறும். அதன் இடத்துக்குக் கீழிருந்து குளிர்ந்த காற்று வரும். வீடு குளிர்ச்சியாக இருப்பதற்கு இதைக் காரணமாகச் சொல்வார்கள், சரிதான். அதோடு, இந்த ஓயாத காற்றோட்டம் கூரையின் உட்புறத்தையும் நாள் முழுக்க உலர்த்திக்கொண்டிருக்கிறது. உடைந்த ஓடு ஒன்றின் வழியே இரவில் ஒழுகிய நீர், மறுநாள் மாலைக்குள் கைமரத்திலிருந்து போய்விட வாய்ப்பிருக்கிறது. மூடிய கூரையில் அது வாரக்கணக்கில் தங்கும்.

தூணின் அடிப்பக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை என்னால் எழுத முடியாது. ஏனென்றால் இந்தப் பாடத்தை நான் முதலில் கற்றது கொட்டாரத்தில் இல்லை, குலசேகரம் பக்கத்தில் இருந்த எங்கள் பாட்டி வீட்டில்.

அது சின்ன ஓட்டு வீடு. முன் திண்ணையில் நான்கு பலாமரத் தூண்கள், ஒவ்வொன்றும் ஒரு கருங்கல் மேல் நின்றன. நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது திண்ணைக்குச் சிமென்ட் போட்டார்கள். வேலைக்கு வந்தவர், பார்க்க நேர்த்தியாக இருக்கட்டும் என்று கல்லை மூடி, தூணைச் சுற்றி நான்கு விரல் உயரத்துக்குச் சிமென்ட் பூசிவிட்டுப் போனார். பாட்டிக்கும் அது பிடித்திருந்தது, கூட்டிக் கழுவ எளிது. ஏழெட்டு ஆண்டுக்குள் ஒரு தூண் மெல்லச் சாய்ந்தது. பார்க்க வந்த ஆசாரி உளியின் பின்புறத்தால் அதைத் தட்டினார். மேலே 'டங்' என்றது, அடியில் 'பொத்' என்றது. உளிமுனையை வைத்ததும் அது ஈரமான ரொட்டிக்குள் போவதுபோல் போயிற்று. பக்கத்தில் நின்ற என்னிடம் சொன்னார்: "பாத்தியா மக்களே, வெள்ளம் குடிக்கவும் விட்டாச்சு, மூச்சு விடவும் வழியில்ல. பின்ன எப்படி நிக்கும்?"

அவர் சொன்னது அப்படியே அறிவியல். மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து உச்சிக்கு நீரை ஏற்றிய நுண்குழாய்கள், வெட்டிய பிறகும் அதே இடத்தில் அதே திசையில் இருக்கின்றன. பலகையின் பக்கவாட்டில் பட்ட நீர் உள்ளே போவதற்குத் திணறும். வெட்டுமுனையில் பட்ட நீர் உறிஞ்சுகுழலில் ஏறுவதுபோல் ஏறும். தூணின் அடி முழுக்க வெட்டுமுனைதான். அதைச் சிமென்ட் கிண்ணத்துக்குள் நிறுத்தி, தினமும் திண்ணையைக் கழுவினால், நீர் இடுக்கில் இறங்கி மரத்துக்குள் ஏறும். வெளியே போகத்தான் வழி இருக்காது.

கொட்டாரத்தில் மரத்தூண்கள் கல் ஆதாரத்தின் மேல் நிற்கின்றன. கருங்கல்லுக்குள் நீர் ஏறுவது மிகக் குறைவு. கல்லின் மேல் விழுந்த நீர் வழிந்து போய்விடும், காற்று நான்கு பக்கமும் படும். இன்னொரு பயனும் உண்டு. மண்ணில் வாழும் கரையான் வெளிச்சத்தில் வராது. மரத்தை அடைய வேண்டுமானால் கல்லின் மேல் மண்ணால் ஒரு குழாய் கட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும். கல் கரையானைத் தடுப்பதில்லை, காட்டிக்கொடுக்கிறது. காலையில் விளக்குமாறோடு வருகிறவர் கண்ணில் அந்த மண்கோடு பட்டுவிடும்.

இந்த அறிவு நமக்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. நார்வேயில் பழைய மர தேவாலயங்களின் தூண்களை முதலில் மண்ணில் புதைத்துத்தான் நட்டார்கள். அவை அழுகின. பிறகு கல் அடித்தளத்தின் மேல் மரச்சட்டம் வைத்து அதன் மேல் தூணை நிறுத்தினார்கள். அப்படி 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய போர்குண்ட் தேவாலயம் இன்றும் நிற்கிறது. ஜப்பானின் நாரா அருகே ஹோர்யூஜி கோயிலில் 1,300 ஆண்டு பழைய மரத்தூண்கள் கல்மேல் நிற்கின்றன. மழை பெய்யும் ஊர்களில் மரத்தோடு பழகியவர்கள் எல்லாரும் கடைசியில் அந்தக் கல்லிடம்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

மரத்தைத் தேர்ந்தெடுத்ததிலும் இதே கவனம். தேக்கு, பலா, அயினி போன்றவற்றின் வைரம் பாய்ந்த உட்பகுதியை எடுத்து, வெளுத்த புறப்பகுதியைச் செதுக்கித் தள்ளுவார்கள். புறப்பகுதியில் மாவுச்சத்து மிச்சம் இருக்கும், பூச்சிக்கு அது விருந்து. வைரத்திலோ மரம் தன் வாழ்நாளில் சேர்த்து வைத்த கசப்பான வேதிப்பொருள்கள் இருக்கும். தேக்கில் உள்ள டெக்டோகுயினோன் என்ற பொருள் கரையானை விரட்டக்கூடியது. பலாவின் வைரத்துக்கு அந்த மஞ்சள் நிறத்தைத் தருவது மோரின் என்ற சாயப்பொருள். கொட்டாரத்தின் ஏகாந்த மண்டபத்தில் ஒற்றைப் பலாமரத்தில் கடைந்து செதுக்கிய தூண் ஒன்று இருக்கிறது. அதன் அருகே நின்றவர்கள் சீக்கிரம் நகர மாட்டார்கள். கொடியும் பூவும் அடுக்கடுக்காய் ஓடும் அந்த வேலையை எந்தப் புகைப்படமும் சரியாகக் காட்டியதில்லை.

கூரைக்குள் நிமிர்ந்து பார்த்தால் இன்னொன்று தெரியும். கைமரங்களைத் துளைத்து, அந்தத் துளைகளின் வழியே நீண்ட மரச்சட்டங்களைக் கோத்திருக்கிறார்கள். மாலையில் நார் ஓடுவதுபோல அந்தச் சட்டம் கைமரங்களை ஒன்றோடொன்று கட்டுகிறது. இந்த மரபில் முக்கியமான இணைப்புகளில் இரும்பு ஆணி கிடையாது. கழுந்தைச் செதுக்கித் துளைக்குள் செருகுவார்கள், மரமுளையால் இறுக்குவார்கள். ஆணி கிடைக்காததால் அப்படிச் செய்யவில்லை. இரும்பில் வேலை செய்யத் தெரிந்த நாடு இது.

காரணம் மரத்தின் அசைவு. ஈரம் ஏறினால் மரம் உப்பும், இறங்கினால் சுருங்கும். நீளவாக்கில் இந்த மாற்றம் கண்ணுக்கே தெரியாது, அகலவாக்கில் அதிகம். ஓர் அடி அகலத் தேக்குப் பலகையின் ஈரம் 10 விழுக்காட்டிலிருந்து 16-க்கு ஏறினால், அகலம் 3 மில்லிமீட்டருக்கு மேல் கூடும். தேக்கு மிகவும் அடக்கமான மரம், மற்றவை இன்னும் அசையும். கோடையில் சுருங்கி மழையில் விரியும் இந்த மூச்சுக்கு இரும்பாணி இடம் கொடுக்காது, ஆகவே பலகை பிளக்கும். மரமுளையும் கழுந்தும் தாங்களும் மரம் என்பதால் கூடவே உப்பிக் கூடவே சுருங்கும். மேலும் ஈரமான இரவில் குளிர்ந்த இரும்பின் மேல் பனி போல நீர் படியும். துரு மரத்தின் நார்ச்சத்தை அரிக்கும். பழைய வீடுகளில் ஆணித் துளையைச் சுற்றி மரம் கறுத்து உளுத்துப் போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்த கறை.

கொட்டாரத்தின் முகப்பு மண்டபமான பூமுகத்தின் மச்சில் 90 விதமான பூக்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன, ஒன்றுபோல் ஒன்று இல்லை என்பார்கள். அதன் மேல் மாடியில் மந்திரசாலை. அரசர் அமைச்சர்களோடு பேசிய இடம். வெளியே வெயில் எரியும்போதும் அங்கே மரநிழல் போன்ற ஓர் ஒளிதான் இருக்கும். சுவர் முழுக்கச் சாய்ந்த மரச்சட்டங்கள். சுவரின் மேற்பகுதி வெளிப்புறமாகச் சாய்ந்திருப்பதால் அதன் முகம் தரையைப் பார்த்திருக்கிறது. நேராக விழும் மழை அதன் மேல் படவே முடியாது. வானத்தின் கூசும் ஒளியும் நேரே நுழையாது, கீழே தரையிலும் இலைகளிலும் பட்டுத் திரும்பிய மெல்லிய ஒளி மட்டும் உள்ளே வரும். காற்றுக்குத் தடை இல்லை. உள்ளிருப்பவர் வெளியே பார்க்கலாம், வெளியே இருப்பவருக்கு உள்ளே இருட்டு. அங்கங்கே வண்ண அப்பிரகத் தகடுகள். அப்பிரகம் ஏடு ஏடாகப் பிரியும் கனிமம். கண்ணாடி அரிதாக இருந்த காலத்தில், வளைந்தாலும் உடையாத, வெப்பத்துக்கு அஞ்சாத மெல்லிய சன்னல் அது.

அந்த அறையின் தரை கறுப்பு, கண்ணாடி போல் மின்னும் கறுப்பு. சுண்ணாம்பு, மணல், சுட்ட தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு, சில மரஞ்செடிகளின் சாறு என்று அதன் கூட்டைச் சொல்வார்கள். சாறுகளின் பட்டியல் ஆளுக்கு ஆள் மாறும். மற்றவற்றின் வேலை தெளிவானது. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சுமார் 900 பாகை வெப்பத்தில் சுட்டால் கரியமிலவாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். நீரில் போட்டால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகும். பூசிய பின் அது காற்றிலிருந்து கரியமிலவாயுவை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கி மறுபடி கல்லாகும். கல் தன் பழைய உருவத்துக்கே திரும்புகிறது. வெள்ளைக்கருவின் புரதம் துகள்களைப் பிணைத்து இடைவெளிகளை அடைக்கும். கரி, சூரிய ஒளியில் வெளுக்காத நிறம். எத்தனை நூற்றாண்டு ஆனாலும் கரி கரியாகவே இருக்கும்.

பளபளப்பு எந்தச் சாற்றாலும் வந்ததில்லை என்பது என் முடிவு. அது கையால் வந்தது. ஈரம் முற்றாகப் போகும் முன், வழவழப்பான கல்லால் மணிக்கணக்கில், நாள்கணக்கில் தேய்த்து, மேட்டையும் பள்ளத்தையும் ஒளியின் அலைநீளத்தை நெருங்கும் அளவுக்குச் சமன்படுத்தினால் எந்தப் பரப்பும் கண்ணாடி ஆகும். தலையைத் தாழ்த்தித் தரையோடு தரையாகப் பாருங்கள். பார்வை சாயச் சாயப் பிரதிபலிப்பு கூடும். சன்னல் சட்டங்கள் தரைக்குள் தலைகீழாக நிற்கும். செருப்பைக் கழற்றிவிட்டுப் போகச் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. செருப்பில் ஒட்டிவரும் மணல்துகள், சுண்ணாம்பைவிடக் கடினமானது. ஒவ்வொன்றும் ஒரு கீறல் போடும்.

நானூறு ஆண்டு மரம் என்று சொன்னேன். ஒவ்வொரு மரமும் அன்று வைத்தபடியே இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஓடுகள் மாறியிருக்கும், ஓட்டைத் தாங்கும் பட்டியல் சட்டங்களும் கைமரங்களும் மாறியிருக்கும். எந்த மரவீடும் அப்படித்தான் வாழும். ஆணியில்லாத இணைப்பின் பெருமையும் அங்கேதான் இருக்கிறது. முளையைத் தட்டி எடுத்து, கெட்ட துண்டை மட்டும் கழற்றி, புதியதைச் செருகலாம். அரசர்கள் வாழ்ந்தபோது தினமும் கதவு திறந்தது, விளக்கு எரிந்தது, ஆயிரம் பேருக்குச் சோறிட்ட ஊட்டுப்புரைக்காக அடுப்பு புகைந்தது. புகையும் சூடும் கூரையை உலர்த்தின. ஒழுகினால் அன்றே யாராவது பார்த்தார்கள். இப்போது அது அருங்காட்சியகம். அந்தப் பழைய அன்றாடக் கவனத்தைச் சம்பளத்துக்கு வரும் ஆட்கள்தான் ஈடு செய்ய வேண்டும். ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் ஓட்டில் ஏறிப் பார்க்கத் தெரிந்த ஆசாரிமார் வேண்டும். அவர்கள் குறைந்து வருகிறார்கள். இந்த வீட்டுக்கு வந்திருக்கும் பெரிய ஆபத்து மழையைவிட அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

குமரியிலும் நாஞ்சில் நாட்டிலும் இன்னும் எத்தனையோ சின்ன ஓட்டு வீடுகள், கொட்டாரத்தைக் கட்டிய அதே அறிவால் கட்டப்பட்டவை, நின்றுகொண்டிருக்கின்றன. உங்களுடையது அப்படி ஒன்று என்றால், அடுத்த மழைக்கு முன் ஒருமுறை குனிந்து திண்ணைத் தூணின் அடியைப் பாருங்கள். சிமென்ட் ஏறியிருந்தால் ஓர் ஆசாரியை அழைத்து, கல் தெரியும்வரை அதைக் கொத்தி எடுத்துவிடுங்கள்.